வலி வந்தானா?

நம் செட்டு ஆட்கள் பலருக்கும் இப்போது பேரன் பேத்திகள்தான் வாத்தியார்கள். செல்போனில் எதை அமுக்கலாம், எதை அமுக்கக் கூடாது என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் நடக்கிறோம். போன மாதம் என் பேத்தி பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். கம்பெனியில் ஸ்பானிஷ் படிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். காலையில் போனும் கையுமாக உட்கார்ந்து ஒரே புலம்பல். அந்த மொழியில் உயிரில்லாத சாமான்களுக்குக்கூட ஆண், பெண் உண்டு, எது எந்தப் பக்கம் என்று மனப்பாடம் பண்ணியே ஆயுசு போய்விடும் என்றாள்.

நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கதவு பொம்பள. கத்தி ஆம்பிள. பஞ்சு ஆம்பிள. காய்ச்சல் பொம்பள. வலி ஆம்பிள" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஐந்தும் சரி. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இந்த வயது வரை இருந்தது போதும் என்று தோன்றியது. மில்லில் முப்பத்து நான்கு வருடம் எண்ணெய்க் கையோடு நின்றவன் நான். இலக்கணம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐப்பசி மழை முடிந்து, எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தெருப் பையன்களோடு குளிக்கப் போனேன். பாசி பிடித்த பாறையில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால் அடி விழும் என்று இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் கால் வீங்கியது. பக்கத்தில் ஒரு கம்பவுண்டர் ஏதோ பொடியைத் தூவிக் கட்டினார். ஒரு வாரத்தில் சீழ் வைத்து, கட்டைப் பிரித்தால் வீடே நாறியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கன்னியர் மடத்தில் மருந்தகம் இருக்கிறது, புண் ஆற்றுவதில் அங்கே இருக்கும் வெள்ளைக்கார சிஸ்டருக்கு ஈடு கிடையாது என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னை இடுப்பில் சாய்த்து பஸ் ஏற்றினாள். அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மாதம், அந்தப் பஸ்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அரைப் பரீட்சைகூட எழுதவில்லை.

அந்த மருந்தகம் இப்போது இல்லை. நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் டிஞ்சரும் பினாயிலும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஓரத்தில் ஊசிகள் கொதிக்கிற அலுமினியச் சட்டி எப்போதும் 'கிலுகிலு' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு எனாமல் தட்டு, விளிம்பில் நீலம் பெயர்ந்து போயிருக்கும். என் புண்ணிலிருந்து எடுத்த பஞ்சையெல்லாம் அதில்தான் போடுவார்கள்.

சிஸ்டர் ஸ்பெயின் தேசத்துக்காரர். அம்பது வயது இருக்கும். உயரம், பெரிய கைகள், மூக்கு எப்போதும் வெயிலில் சிவந்திருக்கும். அவரோடு இரண்டு மலையாள சிஸ்டர்கள் இருந்தார்கள். அவர் வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தமிழ் மளமளவென்று பேசுவார். ஆனால் அது ஒரு தனித் தமிழ். முதல் நாளே என் கட்டைப் பிரித்துக்கொண்டே, "வலி வந்தானா?" என்று கேட்டார்.

நான் வாசலைப் பார்த்தேன். யார் வந்தான் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டாள். போகப் போக எங்களுக்குப் பழகிவிட்டது. காய்ச்சல் வந்தாளா என்பார். கதவு திறக்க மாட்டேன் என்கிறாள் என்பார். மழை வந்தாள், பஸ் போயிட்டான், கத்திரிக்கோல் எங்கே ஒளிஞ்சிக்கிட்டாள். நாமோ சொந்த வீட்டுப் பெண் பிள்ளைகளையே 'அது வந்துச்சு, இது போச்சு' என்று பேசி வளர்ந்தவர்கள். மரியாதைக்குரியவர்கள் என்றால் 'அவிய' என்போம், அதில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். ஒரு கத்திரிக்கோலுக்கு இம்புட்டு மதிப்பா என்று எனக்கு ஆச்சரியம்.

நான் விடாமல் கேட்பேன். நாற்காலி? அவள். கத்தி? அவன். பஞ்சு? அவன். கை? கை அவள். கேட்கக் கேட்க அவர் தன் பாஷைப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே புண்ணைச் சுரண்டி முடித்துவிடுவார். ஒன்று, இரண்டும் காலை வணக்கமும்கூட அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நான் அழவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். ஒரு நாள் சூரியன் அவன், நிலா அவள் என்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் மதரஸாவில் ஹஜ்ரத் அரபியில் சூரியன் பெண்பால், நிலா ஆண்பால் என்று அப்போதுதான் நடத்தியிருந்தார். நான் அடித்துச் சொன்னேன். சிஸ்டர் கையில் இடுக்கியோடு நிமிர்ந்து, தன் ஊரில் அப்படி இல்லவே இல்லை என்றார். ரெண்டு பேரும் மல்லுக்கட்டினோம். மூத்த மலையாள சிஸ்டர் எட்டிப் பார்த்து, தங்கள் பாஷையில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் 'வந்நு' என்று ஒரே சொல்தான், சண்டைக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்றும் இருந்தது.

கட்டுப் போட்டு முடிக்கும்போது சிஸ்டர் சுவரில் சாய்ந்து நிற்பார். வலது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாய்க்குள் மெதுவாகத் தன் பாஷையில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதே வரிகள்தான். அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொள்வாள்.

"ஜெபம் சொல்றாங்க. அசையாம இரு" என்று என் தொடையைத் தட்டுவாள். தானும் உதட்டுக்குள் ஓதுவாள். மலையாள சிஸ்டர்களும் அந்த நேரம் கிட்டே வர மாட்டார்கள், மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களும் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். எனக்காக ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் ஜெபம் சொல்கிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலைந்து தடவையிலேயே அந்த வரிகளை மனப்பாடம் பண்ணிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டே வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தா பிட்டராக இருந்த மில்லுக்குப் புது மிஷின்கள் வந்தன. பெரிய பெரிய மரப்பெட்டிகளில் கப்பலில் வந்த மிஷின்கள். அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஸ்பெயினிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். குட்டையான மனிதர், அடர்ந்த மீசை, வழுக்கைத் தலையில் கைக்குட்டை. இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, மில்லில் இருப்பவர்களுக்கும் அரைகுறை. ஸ்டோர் கீப்பர் ஒருத்தர்தான் ஏதோ சமாளிப்பார். அவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த தெலுங்குக்காரர், அத்தாவுக்குக் கூட்டாளி.

அத்தா வாயைத் திறந்து பெருமை பேசாத மனிதர். ஆனால் அந்த ஒரு தடவை பேசிவிட்டார். என் பையனுக்கு அந்தப் பாஷை தெரியும் என்று மிஷின் ஓரத்தில் நின்று சொல்லியிருக்கிறார். செய்தி மேனேஜர் வரைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவி, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். மில் கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேனேஜர், ஸ்பின்னிங் மாஸ்டர், ஸ்டோர் கீப்பர், நடுவில் அந்த மனிதர் காபி டம்ளரோடு. அத்தா தள்ளி நின்றார். நான் கட்டுப் போட்ட காலோடு நடுவில் நின்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். காலை வணக்கம் சொன்னேன். கதவு, கத்தி எல்லாம் சொன்னேன். அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இருப்பதிலேயே பெரிய சரக்கை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வலது கையை நெஞ்சில் வைத்தேன். கண்ணை மூடினேன்.

"எஸ்தோய் கன்சாதா" என்றேன்.

அவர் கெக்கெக்கென்று சிரித்தார். தன் மீசையைத் தொட்டுக் காட்டி, என்னைக் காட்டி, "கன்சாதோ, கன்சாதோ" என்றார். தப்பாகச் சொல்கிறாரே என்று நான் விடவில்லை. "கன்சாதா" என்று அழுத்திச் சொன்னேன். சிஸ்டர் சொன்னது தப்பாக இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அத்தாகூடச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் மிச்ச வரிகளையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எஸ்தோய் சோலா. மே துவேலே எல் பெச்சோ. நோ புவெதோ மாஸ்."

கண்ணைத் திறந்தபோது அவர் சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாகப் புல்லில் வைத்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி விரலைக் காட்டினார். சொன்னேன். எழுந்து என் தோளைப் பிடித்து, குனிந்து என் முகத்துக்கு நேராகப் படபடவென்று ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

மேனேஜரின் முகம் மாறிவிட்டது. பையன் என்னவோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அத்தா ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டார், மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் கன்னத்தில் ஒரு அறை. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. அந்த ஒரு அறையில் காது அடைத்துவிட்டது.

அந்த சிஸ்டர் பச்சைப் பிள்ளைக்கு என்னத்தையோ சொல்லிக் கொடுத்திருக்கிறது, இனி அந்த வாசல் மிதிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஜெபம் சொன்னதற்கு எதற்கு அடி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம், ஷிப்ட் விட்ட நேரம், எங்கள் சந்துக்குள் மில் ஜீப் வந்து நின்றது. அந்த மனிதரும் ஸ்டோர் கீப்பரும் இறங்கினார்கள். அத்தா அவசரமாக நாற்காலியைத் தூக்கிப் போட்டார். அம்மா உள்கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் அவள் பக்கத்தில்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பாய், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒங்க பையன் பேசுறது பொம்பளப் பேச்சாம்."

அத்தாவின் முகம் கறுத்துவிட்டது.

"அது இல்ல பாய், செத்த பொறுங்க. எங்க தெலுங்குல மருமக வந்தாலும் வச்சிந்தி, மாடு வந்தாலும் வச்சிந்தி. ஆம்பிளைக்கு மட்டும்தான் வேற. இவிய பாஷையில அதுக்கும் மேல. எனக்கு அசதியா இருக்குன்னு சொல்லுதோமில்ல, அத ஆம்பிள சொன்னா ஒரு மாதிரி, பொம்பள சொன்னா ஒரு மாதிரியாம். பையன் ஆம்பிள. ஆனா வாயில வருது பூராம் பொம்பள சொல்லுறது. அப்ப யாரோ ஒரு பொம்பள தன்னப் பத்திச் சொன்னதத்தான் இவன் கேட்டு அப்படியே சொல்லுதான்."

அந்த மனிதர் குறுக்கே ஏதோ சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஸ்டோர் கீப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தம்மா சொன்னது என்னன்னா, நான் அசந்துபோயிட்டேன். நான் தனியா இருக்கேன். நெஞ்சு வலிக்கி. இதுக்கு மேல முடியல. இம்புட்டுத்தான். அவிய எங்க இருக்காவன்னு கேக்குதாரு. ராத்திரி பூராம் தூங்கலையாம் மனுசன்."

அத்தா பதில் சொல்லத் தயங்கினார். ஊர் பேர் தெரியாத ஆம்பிளைக்கு ஒரு கன்னியாஸ்திரீ இருக்கிற இடத்தைச் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள். வெளி ஆம்பிளைகள் இருக்கும்போது அம்மாவின் குரல் கூடத்துக்கு வந்து நான் கேட்டதே இல்லை.

"ஜெபம்னுல்ல நெனச்சோம்" என்றாள். பிறகு, "நானே கூட்டிட்டுப் போறேன். காலையில ஜீப்ப அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் அம்மாவும் அத்தாவும் நானும் பின்னால், அந்த மனிதரும் ஸ்டோர் கீப்பரும் முன்னால். மருந்தகத்தில் வழக்கமான கூட்டம். சிஸ்டர் ஒரு கிழவரின் பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தலையில் இருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, வாசலில் நின்றே ஒரு வாக்கியம் சொன்னார். அதில் கன்சாதா மட்டும் எனக்குக் கேட்டது.

சிஸ்டர் நிமிரவில்லை. கட்டை முழுக்கச் சுற்றினார், முடிச்சுப் போட்டார், மிச்சத் துணியைக் கத்தரித்தார். அதற்குப் பிறகுதான் வந்தவரைப் பார்த்தார். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் சிஸ்டரே உட்கார்ந்துகொண்டார்.

பேச ஆரம்பித்தார். முதலில் திக்கித் திக்கி. சில சொற்களுக்கு அவர் தேடுவதும், அந்த மனிதர் எடுத்துக் கொடுப்பதும் எங்களுக்கே தெரிந்தது. பிறகு அது நிற்கவே இல்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பாஷையைக் கேட்க அவருக்கு ஒரு ஆள் இருந்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் மருந்துச் சீட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மலையாள சிஸ்டர் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

நாலு மாதமாக நெஞ்சு வலி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தலைமை மடத்துக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். யாருக்கும் புரியாத பாஷையில் சுவரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இதை வெளியே சொல்லக் கூடாது என்று அந்த மனிதரிடம் கேட்டுக்கொண்டாராம். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே ஸ்டோர் கீப்பரிடம் சொல்லி, மூத்த சிஸ்டரிடம் இங்கிலீஷில் முழுக்கச் சொல்ல வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஏறும்போது சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பரைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கிட்டே போய் நின்றேன், அப்போதும் பார்க்கவில்லை. கன்னத்தில் விழுந்த அறையைவிட அதுதான் எனக்கு வலித்தது. அவர் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை நான் புல்தரையில் நின்று பத்துப் பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டேன் அல்லவா?

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக மலையாள சிஸ்டர் எங்களிடம் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. மில் மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும் அந்த மனிதர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போகும் வழியில் மதுரையில் இறங்கி சிஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் ஊருக்குப் போய் எழுதியதாலோ என்னவோ, சிஸ்டரின் பாஷை பேசுகிற இன்னொரு சிஸ்டரை இங்கே அனுப்ப மடத்தில் ஒத்துக்கொண்டார்கள். இவரைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

என் கால் புண்ணை இளைய மலையாள சிஸ்டர் ஆற்றினார். பங்குனியில் சிஸ்டர் திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மெலிந்திருந்தார், மூக்கின் சிவப்புகூடப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டிக் கூப்பிட்டார். தழும்பைத் தடவிப் பார்த்தார். புதுசாக வந்த சிஸ்டரைக் கூப்பிட்டு என்னைக் காட்டி நிறையச் சொன்னார். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. அது எப்படிப் போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் சிஸ்டர் அங்கேயேதான் இருந்தார். நான் மில்லில் சேர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் அந்தக் கை ஊசி போட்டிருக்கிறது.

அத்தா மவுத்தானபோது துக்கம் கேட்க சிஸ்டர் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தார். அம்மா பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடப் போனேன். நடந்துகொண்டே அவர்தான் பேச்சை எடுத்தார்.

"உன் அத்தா மதுரைக்கு வந்தார், தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"பொம்பள வார்டு. உள்ள விடல. காலையில இருந்து சாயங்காலம் வரை வாசல்ல நின்னார். ஒக்காரவே இல்லையாம். நர்ஸ் பாவம் பார்த்துக் கூட்டி வந்தாங்க. என் கட்டில் கிட்ட வந்து நின்னு, 'சிஸ்டர், எம் பையன் மேல கோவப்பட்டுறாதீங்க. அவன் ஒரு எழுத்து மாத்தாமத்தான் சொல்லியிருக்கான். நாந்தான் அதுக்குப் போயி அடிச்சுப்புட்டேன்'னு சொன்னார். சொல்லிட்டு அழுதார். நான் கோவமாத்தான் இருந்தேன். அன்னைக்கு விட்டுட்டேன்."

பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அந்த நாள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. விடிகாலையில் சைக்கிளை எடுக்காமல் போன அத்தா, இருட்டின பிறகு வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, ஏன் இப்படி என்று கேட்டாள். ஆள் வரவில்லை, இரண்டு ஷிப்ட் சேர்த்து நிற்க வேண்டியதாகிவிட்டது என்றார் அத்தா.